லாப்லாந்தில் இலையுதிர்காலக் குடில் பயணம்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில் செப்டம்பர் மாதம் குறும்பிர்ச்சு மரங்களும் தரையோடு படரும் புதர்களும் சில வாரங்களுக்கு மஞ்சளும் செம்மையுமாக மாறும். அந்தப் பருவத்தை அங்கே ‘ருஸ்கா’ என்கிறார்கள். அதன் அழகைக் காட்டும் படங்களுக்கும் காணொளிகளுக்கும் குறைவில்லை. ஆனால் எந்தக் குடிலில் இடம் உறுதி, எதில் உறுதியில்லை, விசா விண்ணப்பத்தில் காட்டுக் குடிலை எப்படிக் காட்டுவது, பாதை முடியும் இடத்திலிருந்து எப்படித் திரும்புவது என்பன போன்ற விவரங்களைப் பின்னிஷ் மொழிப் பக்கங்களிலும் பேருந்து அட்டவணைகளின் அடிக்குறிப்புகளிலும் துழாவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று, கிடைத்தவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே தருகிறேன். ஹெத்தா என்ற ஊரிலிருந்து பல்லாஸ் குன்றுப் பகுதி வரை செல்லும் 55 கிலோமீட்டர் பாதையையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். வேறு பாதைகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

1. முதலில் நாளையும் பாதையையும் முடிவு செய்யுங்கள்

லாப்லாந்தின் வடக்கில் நிறம் மாறுவது செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்து, மாத நடுவில் உச்சத்தை அடையும். ஆண்டுக்கு ஆண்டு சில நாள்கள் முன்பின் ஆகும். ஒரு பலமான காற்று வீசினால் இலை முழுவதும் ஓர் இரவில் உதிர்ந்துவிடும் என்பதால், மாதத்தின் இறுதி வாரத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். முதல் இரண்டு வாரங்களில் செல்வதற்கு இன்னொரு காரணம் வெளிச்சம். மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 15 மணி நேரம் இருக்கும் பகல், சம இரவு நாளை நெருங்கும்போது 12 மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது. கோடைக்காலக் கொசுத் தொல்லையும் செப்டம்பரில் இராது.

முன் அனுபவம் இல்லாதவர்கள் நேரடியாகப் பல நாள் பயணத்தில் இறங்க வேண்டியதில்லை. கூசமோவுக்கு அருகில் உள்ள சிறு கரடிச் சுற்றுப்பாதை 12 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் முடித்துவிடலாம். அதன் பெரிய வடிவமான கர்ஹுன்கியெர்ரோஸ் 82 கிலோமீட்டர். ஊர்ஹோ கெக்கோனென் தேசியப் பூங்காவில் கீலோபா என்ற இடத்தில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் நடந்து திரும்பவும் முடியும். இரண்டு மூன்று இரவுகள் காட்டில் தங்க வேண்டும், ஆனால் வழி தவறக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஹெத்தா–பல்லாஸ் பாதை நல்ல தேர்வு. கம்பங்கள் நட்டு அடையாளமிட்டிருக்கிறார்கள், குடில்களும் சீரான இடைவெளியில் இருக்கின்றன. மரமற்ற குன்றுகளின் மேல் செல்லும் பகுதிகளில் மட்டும் காற்றிலிருந்து ஒதுங்க இடமில்லை.

பின்லாந்தின் தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ கிடையாது. வாயிலில் யாரும் உங்கள் பெயரை எழுதிக்கொள்ள மாட்டார்கள் என்பதே அதன் மறுபக்கம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை யாருக்குத் தெரிவிப்பது என்பதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

2. குடில் வகைகளைப் புரிந்துகொண்ட பிறகே பதிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். பூங்காக்களையும் குடில்களையும் மெட்ஸாஹல்லிதுஸ் என்ற அரசு நிறுவனம் பராமரிக்கிறது; அதன் லுவொன்டோன் இணையதளத்தில் குடில்களின் விவரங்களைப் பார்க்கலாம்.

முதல் வகையான ‘அவுத்தியோதுபா’ என்பது திறந்த குடில். பூட்டு இல்லை, கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. ஓரிரு இரவுகள் மட்டுமே தங்கலாம். இங்கே செல்லும் விதி நமக்குப் பழக்கமான ரயில் பெட்டி வழக்கத்துக்கு நேர்மாறானது: கடைசியாக வந்தவருக்கே இடத்தில் முதல் உரிமை. மாலை 4 மணிக்கே வந்து, துணி உலர்த்தி, சமைத்து, படுத்துவிட்ட நீங்கள், இரவு 10 மணிக்கு நனைந்து களைத்து வருகிறவருக்கு இடம்விட்டு, தேவையானால் வெளியே உங்கள் கூடாரத்துக்குப் போக வேண்டும். இதில் முகம் சுளிக்க எதுவுமில்லை. முன்னால் வந்தவர் அதற்குள் ஓய்வெடுத்திருப்பார் என்பதே அந்த விதியின் நியாயம்.

இரண்டாம் வகையான ‘வராவுஸ்துபா’வில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஓர் இரவுக்கென்று கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். அறையைப் பிறரோடு பகிர்ந்துகொள்வீர்கள். ஆனால் உங்கள் படுக்கை உங்களுடையது. கதவு பூட்டியிருக்கும். சாவியைப் பூங்காவின் தகவல் நிலையமான இயற்கை மையத்தில் பெற வேண்டுமா, எண் பூட்டா என்பது பதிவை உறுதி செய்யும் மின்னஞ்சலில் இருக்கும். சாவியைக் கையில் வாங்க வேண்டியிருந்தால், மையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மாலைப் பேருந்தில் வந்து இறங்குபவருக்கு மூடிய கதவுதான் காத்திருக்கும். மூன்றாம் வகை, முழுக் குடிலையும் ஒரே குழுவுக்கு வாடகைக்கு விடுவது. குடும்பத்தோடு ஒரே இடத்தில் தங்கிச் சுற்றுப்புறத்தில் நடக்க விரும்புவோருக்கு அது வசதி.

ஹெத்தா–பல்லாஸ் பாதையில் சியோஸ்குரு, ஹன்னுகுரு, நம்மலகுரு ஆகிய மூன்று இடங்களிலும் திறந்த பகுதியும் முன்பதிவுப் பகுதியும் உண்டு. அவற்றை வைத்தே நாள்களைப் பிரிப்பது எளிது. முதல் நாள் சியோஸ்குரு வரை சுமார் 12 கிலோமீட்டர், மறுநாள் ஹன்னுகுரு வரை சுமார் 17, மூன்றாம் நாள் நம்மலகுரு வரை சுமார் 13, கடைசி நாள் பல்லாஸ் வரை மேலும் 13. ஹன்னுகுருவில் ஏரிக்கரையில் சவுனா என்ற நீராவிக் குளியலறை இருக்கிறது. பாதையின் மிக நீண்ட நாளை அங்கே முடிப்பது அதனாலேயே பொருத்தமானது.

ருஸ்கா வார இறுதிகளுக்கான படுக்கைகள் வெகு சீக்கிரம் நிறைந்துவிடும். ஞாயிறு அல்லது திங்கள் அன்று நடையைத் தொடங்கினால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். மூன்று இரவுகளுக்கும் படுக்கை கிடைத்துவிட்டாலும் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கால் சுளுக்கினாலோ மூடுபனி இறங்கினாலோ நீங்கள் அடையப் போவது பதிவு செய்த குடிலாக இராது. திறந்த குடிலை உறுதியான படுக்கையாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால், இந்தப் பயணத்தின் பாதிச் சிக்கல்கள் எழவே எழா.

3. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு: விசா

பின்லாந்திலோ ஒரே விசாவில் செல்லக்கூடிய ஷெங்கன் உடன்படிக்கை நாடுகளில் வேறொன்றிலோ செல்லுபடியாகும் குடியிருப்பு அனுமதி உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். அதன் அட்டையையும் கடவுச்சீட்டையும் உடன் எடுத்துக்கொண்டால் போதும்.

மற்றவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 6 வயது முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு தெரிய வழக்கமாக 15 நாள்கள் ஆகும் என்றாலும், கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் அது 45 நாள்கள் வரை நீளலாம். கோடை விடுமுறைக் கூட்டத்தில் விண்ணப்பம் கொடுக்கவே நேரம் ஒதுக்கிக் கிடைப்பது கடினம். செப்டம்பர் பயணத்துக்கு மே மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. பின்லாந்துக்கான விண்ணப்பங்களைச் சென்னையில் உள்ள மையத்திலும் கொடுக்கலாம். கடந்த 59 மாதங்களுக்குள் ஷெங்கன் விசாவுக்காகக் கைரேகை கொடுத்திருந்தால் பொதுவாக மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

கடவுச்சீட்டு, ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். இந்தத் தொகைக்குரிய மலிவான காப்பீடுகள் சிலவற்றில் மலைநடை விலக்கப்பட்டிருக்கும். விலக்குகளின் பட்டியலைப் படித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

தங்குமிடச் சான்றுதான் இந்தப் பயணத்துக்கே உரிய சிக்கல். திறந்த குடிலுக்குப் பதிவே இல்லை என்பதால், அங்கே தங்குவதற்குக் காட்ட எந்தத் தாளும் இராது. ‘மூன்று இரவு காட்டில் இருப்பேன்’ என்று மட்டும் எழுதினால் விண்ணப்பத்தில் ஓட்டை விழுந்தாற்போல் தெரியும். ஆகவே காட்டு இரவுகளுக்கு முன்பதிவுக் குடில்களின் ரசீதையும், முன்னும் பின்னும் ஊரில் தங்கும் இரவுகளுக்கு விடுதிப் பதிவையும் இணைத்து, ஒவ்வொரு தேதிக்கும் எங்கே இருப்பீர்கள் என்ற ஒரு பக்க அட்டவணையை முகப்புக் கடிதத்தோடு வையுங்கள். மழையால் ஒரு நாள் தாமதமானாலும் விமானத்தைத் தவறவிடாத வகையில் ஓரிரு நாள்களைக் கூட்டியே தேதிகளைக் கேளுங்கள். நார்வேயையும் சேர்த்துச் சுற்றுவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும்.

4. போவதும் திரும்புவதும்

ஹெல்சின்கியிலிருந்து ரோவனியெமிக்கு இரவு ரயிலில் ஏறத்தாழ 12 மணி நேரம். அங்கிருந்து ஹெத்தா சுமார் 300 கிலோமீட்டர். கித்திலா, மூவோனியோ வழியாகப் பேருந்து செல்கிறது. அல்லது கித்திலா வரை விமானத்தில் சென்று அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். ரயில் பயணம் ஒரு விடுதி இரவின் செலவை மிச்சப்படுத்தும். அடுப்பு எரிவாயு உருளையைப் பற்றிய கவலையும் இராது. எரிவாயு உருளையை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. விமானத்தில் வருபவர்கள் இறங்கிய பிறகு கடை திறந்திருக்கும் நேரம் பார்த்து வாங்க வேண்டும்.

பேருந்துகள் ஒரு நாளைக்கு ஓரிரண்டுதான். அட்டவணையில் நேரத்தை மட்டும் பார்க்காமல், அதன் பக்கத்தில் உள்ள சிறு குறிப்பையும் கட்டாயம் படியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் ஓடுபவை, பள்ளி நாள்களில் மட்டும் ஓடுபவை என்று வெவ்வேறு விதமாக இருக்கும். கோடை அட்டவணை முடிந்து இலையுதிர்கால அட்டவணை தொடங்கும் தேதியும் ருஸ்கா நாள்களுக்குள் வந்துவிடலாம். பல்லாஸிலிருந்து கிளம்பும் பேருந்தை முதலில் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கி மற்ற நாள்களைக் கணக்கிடுவதுதான் என் பரிந்துரை. சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வருபவர்களுக்கு, வண்டியைத் தொடக்க இடத்திலிருந்து முடியும் இடத்துக்கு ஓட்டிச்சென்று நிறுத்தித் தரும் சேவையும் அப்பகுதியில் உண்டு. தனியாளுக்கு அது பெருஞ்செலவு. நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும்.

பாதை ஹெத்தாவின் எதிர்க்கரையில்தான் தொடங்குகிறது. இடையில் உள்ள ஒவுனஸ்யார்வி ஏரியைக் கடக்கத் தனியார் படகை முன்கூட்டியே தொலைபேசியில் ஏற்பாடு செய்ய வேண்டும். பருவ இறுதியில் படகு எந்த நாள் வரை ஓடும் என்பதையும், கட்டணத்தை எப்படிச் செலுத்துவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பின்லாந்தில் எங்கும் அட்டை செல்லும் என்றாலும், ஏரிக்கரையில் கொஞ்சம் ரொக்கம் கையில் இருப்பது நல்லது. ஹெத்தாவிலிருந்து நடையைத் தொடங்குமாறு சொல்வதும் இதனால்தான்: படகை முதலிலேயே முடித்துவிட்டால், கடைசி நாளில் படகுக்காரரின் நேரத்துக்கு ஓடிவர வேண்டியதில்லை.

5. பையில் என்ன வைப்பது

செப்டம்பரில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 5 முதல் 12 டிகிரி வரை இருக்கும். இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும், குன்றுகளின் மேல் பனியும் விழலாம். உடலை ஒட்டிய உடை கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் நனைந்தால் உலரவே உலராது. மழைக்கான மேலாடை, கால்சட்டை இரண்டும், கையுறை, குல்லாய், நெற்றி விளக்கு, உறைநிலைக்குக் கீழும் தாங்கும் ஸ்லீப்பிங் பேக் ஆகியவை தேவை. திறந்த குடில்களில் மெத்தை இல்லை. பலகை மட்டும்தான், எனவே விரிப்பும் வேண்டும். உள்ளூர்க்காரர்களில் பலர் விலையுயர்ந்த காலணிகளை விட்டுவிட்டு உயரமான ரப்பர் காலணிகளிலேயே நடப்பதைப் பார்ப்பீர்கள். சதுப்பு நிலத்தில் அதுதான் புத்திசாலித்தனம்.

உணவுக்கு நம் ஊர் அவலைவிடச் சிறந்த பொருளை நான் காணவில்லை: எடை குறைவு, வெந்நீர் ஊற்றினால் போதும், எரிவாயுவும் மிச்சம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், உலர்ந்த காய்கறி, கடலை மிட்டாய் என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தியாவிலிருந்து வருபவர்கள் நெய், பால்பொடி, பால் இனிப்பு, இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டுவரக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் அவற்றை எடுத்துவருவதற்குத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். நெய்க்குப் பதில் ஹெல்சின்கியில் வெண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். ஹெத்தாவை விட்டால் பல்லாஸ் வரை கடையே கிடையாது என்பதால், ஒரு நாளுக்கான உணவைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் அதிகம் செலவழிப்பது கருவிகளில்தான். முதல் பயணத்துக்கே எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். முதுகுப்பை, கூடாரம், ஸ்லீப்பிங் பேக் ஆகியவற்றைச் சுற்றுலா ஊர்களில் வாடகைக்கு எடுக்கலாம். காலணி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், அதுவும் முன்பே போட்டு நடந்து பழகியதாக.

6. பாதையில்

சதுப்பின் மேல் இரண்டு பலகைகளை இணையாகப் போட்டு அமைத்த நடைபாதைகள் இருக்கும். காலையில் உறைபனி படிந்திருக்கும்போது அவை கண்ணாடிபோல் வழுக்கும். சிறு அடிகளாக வைத்து, கைத்தடியைப் பலகைக்கு வெளியே ஊன்றி நடங்கள். அவசரத்தில் பலகையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால் உதவி வந்து சேர மணிக்கணக்காகும்.

அவசர எண் 112. ‘112 சுவோமி’ செயலியைப் புறப்படும் முன்பே நிறுவிக்கொள்ளுங்கள்; அதன் வழியாக அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் தானாகவே போய்ச் சேரும். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். குளிரில் பேட்டரியும் விரைவில் இறங்கும். தொலைபேசியை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடத்தோடு ஒரு தாள் வரைபடமும் வேண்டும். ஊரில் ஒருவரிடம் திட்டத்தையும், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஓடும் நீரோடைகளிலிருந்து குடிநீர் எடுக்கலாம். கொதிக்கவைத்துக் குடித்தால் மனநிம்மதி. அவுரிநெல்லியையும் லிங்கன் பெர்ரியையும் பறித்துத் தின்ன யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காளானை மட்டும் நன்றாகத் தெரிந்தவர் உடனில்லாமல் தொட வேண்டாம். கலைமான்கள் காட்டு விலங்குகளைப் போலத் திரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. துரத்தவோ நெருங்கவோ கூடாது. செப்டம்பரில் ‘மூஸ்’ என்ற பெரிய மானின் வேட்டைப் பருவமும் தொடங்கிவிடுவதால், ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்று அணிவது பயனுள்ளது.

தீயைக் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே மூட்டலாம். காட்டுத்தீ எச்சரிக்கை நடப்பில் இருந்தால் திறந்தவெளியில் தீ மூட்டவே கூடாது. கூடாரத்தையும் குடில்களுக்கோ தீமூட்டும் இடங்களுக்கோ அருகிலேயே அடியுங்கள்.

7. குடிலுக்குள்

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, அங்கே இருப்பவர்களிடம் எத்தனை பேர், இன்னும் யாரேனும் வரவிருக்கிறார்களா என்று கேட்பது. பின்னர் குடிலின் குறிப்பேட்டில் பெயர், தேதி, எங்கிருந்து வந்தீர்கள், நாளை எங்கே போகிறீர்கள் என்பவற்றை எழுதுங்கள். தேடுதல் நடக்க நேர்ந்தால் மீட்புக் குழு முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான்.

விறகு தனிக் கொட்டகையில் இருக்கும். கோடரியும் ரம்பமும் அங்கேயே கிடைக்கும். ஒரு கட்டையை விரலளவு சீவல்களாகப் பிளந்து, பிர்ச்சு மரப்பட்டைத் துண்டை அடியில் வைத்துப் பற்றவைத்தால் ஈர நாளிலும் பிடித்துக்கொள்ளும். பற்றவைக்கும் முன் புகைக்குழாயின் தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தணல் முற்றிலும் கறுத்து அடங்கும் முன் அந்தத் தகட்டை மூடக் கூடாது. வெப்பம் வீணாகிறதே என்று சீக்கிரம் மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சில குடில்களில் எரிவாயு அடுப்பும் உண்டு, ஆனால் அதை நம்பி உங்கள் அடுப்பை விட்டுவர வேண்டாம்.

காலணியை வாசலிலேயே கழற்றுங்கள். ஏரியிலோ ஓடையிலோ பாத்திரம் கழுவாமல், வாளியில் நீர் எடுத்துவந்து கரையைவிட்டுத் தள்ளிக் கழுவுங்கள். குப்பைத்தொட்டி எங்கும் இல்லை. தேநீர்ப் பை முதல் ஈரத் துடைப்பான் வரை அனைத்தையும் நீங்களே திரும்ப எடுத்துவர வேண்டும். உலர் கழிவறைக் குழிக்குள் அவற்றைப் போடக் கூடாது.

காலையில் புறப்படும்போது தரையைப் பெருக்கி, எரித்த அளவு விறகைப் பிளந்து உள்ளே அடுக்கி, அடுப்பருகில் ஒரு பிடிச் சீவல்களையும் வைத்துவிட்டு, கதவை நன்றாகச் சாத்துங்கள். சாவியைக் கையில் வாங்கியிருந்தால் அதை எங்கே, எப்போதுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பதிவு மின்னஞ்சலில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஹெத்தாவில் வாங்கிய சாவியோடு பல்லாஸில் பேருந்து ஏறிவிட்டால் பிறகு அஞ்சலில்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.